நடுவரிசைக்காரர்: நெப்ராஸ்காவில் என்டாமுகன் சூ

அமெரிக்கக் கால்பந்தை முதன்முறையாகப் பார்ப்பவரின் கண் பந்தின் பின்னாலேயே ஓடும். பந்தை எறிபவர், அதைப் பிடிப்பவர், இடுக்கிக்கொண்டு ஓடுபவர் ஆகியோரைத்தான் கேமராவும் துரத்தும். பரிசுகளும் பெரும்பாலும் அவர்களுக்கே போகும். ஆனால் பந்தைத் தொடாமலேயே ஆட்டத்தின் போக்கைத் திருப்புகிறவர்களும் களத்தில் உண்டு. அப்படிப்பட்ட ஒருவரை அமெரிக்காவே திரும்பிப் பார்த்த ஆண்டு 2009. அவர் என்டாமுகன் சூ, நெப்ராஸ்கா பல்கலைக்கழக அணியில் 93ஆம் எண் சட்டை அணிந்தவர். அவருடைய கல்லூரிக் காலத்தைத் தெரிந்துகொண்டால் தற்காப்பு ஆட்டத்தின் நுணுக்கமும் பாதி பிடிபட்டுவிடும்.

நடுவில் நிற்பவருக்கு என்ன வேலை?

ஒரு பக்கத்துக்கு 11 பேர். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் ‘டவுன்’ என்று பெயர். அந்த நான்குக்குள் 10 கஜம் முன்னேறிவிட்டால் மறுபடி நான்கு வாய்ப்பு. இல்லையென்றால் பந்து எதிரணிக்கு. தாக்கும் அணியை நடத்துபவர் குவாட்டர்பேக். பந்தை எறிவதா, ஓடுபவரிடம் கொடுப்பதா என்பதெல்லாம் அவர் கை வழியாகத்தான் நடக்கும்.

அவருக்கு நேரெதிரே, தற்காப்பு அணியின் முன்வரிசை நடுவில் நிற்பவர் டிஃபென்சிவ் டேக்கிள். சூ ஆடியது இந்த இடத்தில்தான். ஆறடி நான்கு அங்குல உயரம், சுமார் 136 கிலோ எடை. இந்த இடத்தில் நிற்பவருக்கு இரண்டு வேலை: பந்தோடு ஓடுபவர் நடுவழியே புகுந்துவிடாமல் அடைப்பது ஒன்று, எதிரே மறிக்கும் தடுப்பாளரைத் தள்ளிவிட்டுக் குவாட்டர்பேக்கை நெருங்குவது இன்னொன்று. குவாட்டர்பேக் பந்தை எறியும் முன்பே அவரை வீழ்த்திவிட்டால் அது ‘சாக்’. இரண்டு பேர் சேர்ந்து வீழ்த்தினால் ஆளுக்கு அரை சாக் கணக்கில் ஏறும்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. ஒருவர் நன்றாக ஆட ஆட, அவரைத் தடுக்க எதிரணி இரண்டு பேரை நிறுத்தும். அவருடைய எண்ணிக்கை குறையும், பக்கத்தில் நிற்பவருக்கு வழி திறக்கும். கிரிக்கெட்டில் ஒருவர் ஒரு முனையில் ஓட்டமே கொடுக்காமல் கட்டிப்போட, மறுமுனையில் வீசுபவருக்கு விக்கெட் விழுமே, அந்தக் கதைதான். ஆகவே புள்ளிவிவரத்தை மட்டும் வைத்து ஒரு டிஃபென்சிவ் டேக்கிளை எடைபோட முடியாது.

காயத்தில் தொடங்கிய கணக்கு

சூ பிறந்தது 1987இல், ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரில். அப்பா கேமரூன் நாட்டுக்காரர்; அம்மா ஜமைக்காவிலிருந்து வந்தவர், பள்ளி ஆசிரியை. சின்ன வயதில் அவர் ஆடியது நாம் கால்பந்து என்று சொல்லும் சாக்கர். உயர்நிலைப் பள்ளியில்தான் அமெரிக்கக் கால்பந்துக்கு வந்தார்.

2005இல் நெப்ராஸ்காவில் சேர்ந்தார். இரண்டே ஆட்டங்களில் முழங்கால் காயம். அந்தப் பருவம் அதோடு முடிந்தது. அப்போதைய கல்லூரி விளையாட்டு விதிகளில் இதற்கு ஒரு வழி இருந்தது. ஒருவர் ஐந்தாண்டுகளில் நான்கு பருவங்கள் ஆடலாம்; தொடக்கத்திலேயே காயத்தால் வீணான பருவத்தைக் கணக்கிலிருந்து விட்டுவிடலாம். இதை ‘ரெட்ஷர்ட்’ என்பார்கள். அதன்படி சூவின் நான்கு பருவங்கள் 2006 முதல் 2009 வரை.

2006இல் மாற்று ஆட்டக்காரராக இறங்கி 3.5 சாக். 2007இல் முதல் பதினொருவரில் நிலையான இடம் கிடைத்தது, ஆனால் சாக் ஒன்றுதான். அந்த ஆண்டு அணியே சரிந்துகிடந்தது. ஆட்டத்துக்குச் சராசரியாக 37.9 புள்ளிகள் விட்டுக்கொடுத்தார்கள். கன்சாஸ் அணி ஒரே ஆட்டத்தில் 76 புள்ளிகள் அடித்தது. 5 வெற்றி, 7 தோல்வியோடு பருவம் முடிய, பயிற்சியாளர் பில் கலஹன் நீக்கப்பட்டார்.

புதிதாக வந்த போ பெலினி தற்காப்பு ஆட்டத்தில் பேர் பெற்றவர். அவருடைய அண்ணன் கார்ல் பெலினி தற்காப்புப் பிரிவைக் கவனித்தார். கண்ணை மூடிக்கொண்டு முன்னால் பாயாதே. எதிரே இருப்பவரைக் கைகளால் பிடித்து நிறுத்து, பந்து எந்தப் பக்கம் போகிறது என்று பார், பிறகு அவரை உதறிவிட்டுப் போ என்பதுதான் அவர்கள் முறை. நீண்ட கையும் அசுர பலமும் கொண்ட சூவுக்கு இது அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது. 2008இல் 76 முறை எதிராளிகளை மடக்கி, அணியிலேயே முதலிடம் பிடித்தார். முன்வரிசை நடுவில் நிற்பவர் இந்தப் பட்டியலில் முதலில் வருவது அரிது; பின்வரிசையில் நின்று ஓடி வந்து பிடிப்பவர்கள்தான் வழக்கமாக வருவார்கள். சாக் 7.5 ஆனது. எதிரணி எறிந்த பந்தை இரண்டு முறை தானே பிடித்து, இரண்டையும் எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோய்ப் புள்ளியாக்கினார்; இதற்கு ‘டச் டவுன்’ என்று பெயர். அதில் ஒன்று கொலராடோவுக்கு எதிரான பருவத்தின் கடைசி லீக் ஆட்டத்தில். ஆட்டம் முடியும் தறுவாயில் பந்தைப் பிடித்து 30 கஜம் ஓடி வெற்றியை உறுதிசெய்தார்.

அப்போதே தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லுக்குப் போயிருக்கலாம், போகவில்லை. பட்டத்தை முடிக்க இன்னும் ஓராண்டு கல்லூரியிலேயே இருந்தார்.

2009: எண்ணிக்கைக்குள் வந்த ஆட்டம்

கடைசிப் பருவத்தில் 12 சாக், 85 மடக்கல்கள். உதைக்கப்பட்ட பந்தை மூன்று முறை தடுத்தார். குவாட்டர்பேக்கை எட்ட முடியாதபோது அவர் கண் போகும் திசையைப் பார்த்துக் கையை உயர்த்தி, எறிந்த பந்தைத் தட்டிவிடுவார். இந்த வேலையில் அவர் கைதேர்ந்திருந்தார். 37.9 புள்ளிகள் கொடுத்த அணி இரண்டே ஆண்டில் ஆட்டத்துக்கு 10.4 புள்ளிகள்தான் கொடுத்தது. நாட்டிலேயே மிகக் குறைவு அது. சூவின் பக்கத்தில் நின்ற ஜாரட் கிரிக் 9.5 சாக் எடுத்தார். அதில் ஐந்து பெய்லர் அணிக்கு எதிரான ஒரே ஆட்டத்தில். சூ மீது இரட்டைக் காவல் போட்டதற்கு எதிரணிகள் கொடுத்த விலை இது.

எல்லாரும் நினைவில் வைத்திருக்கும் ஆட்டம் டிசம்பர் 5இல் நடந்தது. டெக்சஸ் மாநிலம் ஆர்லிங்டனில் பிக் 12 லீக்கின் இறுதிப் போட்டி. எதிரணியான டெக்சஸ் அதுவரை தோற்கவே இல்லை. இதையும் வென்றால் தேசிய இறுதிக்குப் போகும். அதன் குவாட்டர்பேக் கோல்ட் மெக்காய், நாட்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பைக்கு முன்னணியில் இருந்தவர்களில் ஒருவர். அந்த இரவில் சூ மட்டும் 4.5 சாக் எடுத்தார். பந்து நகரத் தொடங்கிய இடத்துக்குப் பின்னாலேயே எதிராளியை மடக்கியது ஏழு முறை. ஒரு கட்டத்தில், கையில் சிக்கிய மெக்காயைச் சட்டையோடு பிடித்துச் சுழற்றித் தரையில் எறிந்தார். மொத்தத்தில் மெக்காய் ஒன்பது முறை வீழ்த்தப்பட்டார்.

ஆனால் நெப்ராஸ்காவின் தாக்குதல் ஆட்டம் படுத்துவிட்டது. நான்கு ஃபீல்ட் கோல்களால், அதாவது பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து, வந்த 12 புள்ளிகள்தான் அதன் கணக்கு. 12-10 என்று முன்னிலையில் இருக்கும்போது, மெக்காய் எறிந்த பந்து எல்லைக்கு வெளியே போனது. கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்டது. நெப்ராஸ்கா ஆட்கள் கொண்டாடத் தொடங்கிவிட்டார்கள். நடுவர்கள் பதிவைப் பார்த்து ஒரு விநாடியைத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த ஒரு விநாடியில் டெக்சஸின் ஹன்ட்டர் லாரன்ஸ் 46 கஜத்திலிருந்து ஃபீல்ட் கோல் உதைத்தார். டெக்சஸ் 13-12 என வென்றது.

நான்காம் இடம் சொல்லும் செய்தி

தோற்ற அணியின் தற்காப்பு ஆட்டக்காரர் ஹைஸ்மன் இறுதிப் பட்டியலில் இடம் பிடித்ததே பெரிய விஷயம். வாக்கெடுப்பில் அலபாமாவின் மார்க் இங்கிரம் வென்றார். டோபி கெர்ஹார்ட், மெக்காய் ஆகியோருக்குப் பின் சூ நான்காவதாக வந்தார். அவரால் அல்லாடிய மெக்காய் அவருக்கு ஓர் இடம் மேலே!

1935 முதல் தரப்படும் இந்தக் கோப்பையைத் தற்காப்பில் மட்டுமே ஆடிய யாரும் இதுவரை வென்றதில்லை. 1997இல் வென்ற சார்லஸ் வுட்சன், 2024இல் வென்ற டிராவிஸ் ஹன்ட்டர் இருவருமே பந்தைப் பிடித்து ஓடும் ஆட்டமும் ஆடியவர்கள். வாக்காளர்களின் கண்ணும் பந்தோடுதான் போகிறது.

இருந்தாலும் வேறு பரிசுகள் சூவைத் தேடி வந்தன. அவுட்லாண்ட், லொம்பார்டி, நகுர்ஸ்கி, பெட்னரிக் விருதுகளை ஒரே ஆண்டில் அள்ளினார். ஏபி செய்தி நிறுவனம் 1998 முதல் தரும் ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர் விருதைப் பெற்ற முதல் தற்காப்பு ஆட்டக்காரரும் அவரே. கட்டுமான மேலாண்மையில் பட்டமும் முடித்தார். 2010இல் என்எஃப்எல் தேர்வில் டெட்ராய்ட் லயன்ஸ் அவரை இரண்டாவது ஆளாக எடுத்தது. அதற்குச் சில நாள் முன்பே, படித்த பல்கலைக்கழகத்துக்கு 26 லட்சம் டாலர் தருவதாக அறிவித்துவிட்டார்: 20 லட்சம் விளையாட்டுப் பிரிவுக்கு, 6 லட்சம் பொறியியல் மாணவர் உதவித்தொகைக்கு.

அடுத்த முறை ஒரு கல்லூரி ஆட்டத்தைப் பார்க்க வாய்த்தால், பந்து நகர்ந்த முதல் இரண்டு விநாடி முன்வரிசையின் நடுவைக் கவனியுங்கள். ஒருவரை மறிக்க எத்தனை பேர் போகிறார்கள் என்று எண்ணுங்கள். திரும்பத் திரும்ப இரண்டு பேர் போனால், எதிரணிப் பயிற்சியாளர் யாருக்குப் பயப்படுகிறார் என்பது ஸ்கோர் பலகையைப் பார்க்காமலே தெரிந்துவிடும்.