தெண்டிரை கலங்குவது ஏன்?

‘குப்பம்’ என்னும் பெயரைக் கேட்டவுடன் நெய்தல் நிலமும், வலையுலர்த்தும் மணற்பரப்பும் நம் நினைவிற்கு வருதல் இயல்பு. ஆயின், நெய்வேலியை அடுத்துள்ள முத்தாண்டிக்குப்பத்திலிருந்து கடலைக் காணல் இயலாது. செம்மண்ணும் முந்திரித் தோப்புகளுமே அவ்வூரின் செல்வம். அச்செம்மண்ணிற்கும் கடல்நீரின் தெளிவிற்கும் தொடர்புண்டு என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் வடகீழ்ப் பருவமழை பெய்யுங்கால், ஓடைகளெல்லாம் சிவந்து ஓடுதலைக் காண்கின்றோம். அந்நிறம் நிலம் இழந்த மண்ணின் நிறமேயாகும். தழையும் சருகும் மூடிய தரையை மழைத்துளி நேரே தாக்குவதில்லை. வெறுந்தரையையோ எளிதிற் கரைத்துவிடும். 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரைகடந்த ‘தானே’ புயல், இப்பகுதியின் முந்திரி மரங்களைப் பெருமளவில் வேரோடு சாய்த்தது. அன்று உழவர் இழந்தது மரங்களை மட்டுமன்று; மண்ணின் காவலையும் இழந்தனர். இம்மேட்டு நிலத்து மழைநீர் கெடிலம், பரவனாறு, வெள்ளாறு என்னும் ஆறுகளின் வழியே வங்கக்கடலை அடைகின்றது.

ஆற்றுநீர் கொணரும் மண் யாவும் ஒரு தன்மையதன்று. அசைவற்ற நீரில் 0.1 மில்லிமீட்டர் பருமனுள்ள மணல் ஒரு மீட்டர் ஆழம் இறங்க ஏறக்குறைய 2 நிமிடமே ஆகும், 0.002 மில்லிமீட்டர் பருமனுள்ள களிமண் துகளுக்கோ ஏறக்குறைய 3 நாள் வேண்டும். கடலின் உப்பு இத்துகள்களைத் திரளச் செய்து சற்று விரைவில் தாழ்விக்குமாயினும், அலை அவற்றை மீண்டும் கிளப்பிக் கலக்குகின்றது.

இக்கலக்கத்தை அளக்க வழியொன்றுண்டு. 1865-ஆம் ஆண்டில் ஆஞ்செலோ செக்கி என்னும் இத்தாலிய நாட்டுக் குருவானவர், வெண்ணிற வட்டத்தகட்டை மத்தியதரைக் கடலில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்தார். அவர் வகுத்த முறை இன்றும் வழக்கிலுள்ளது. தகடு விரைவில் மறையுமிடத்தில் கதிரொளியும் ஆழச் செல்லாது. ஒளியின்றேல் கடற்புல்லும் நுண்பாசியும் தழையா. அவற்றைச் சார்ந்த மீனினமும் குன்றும்.

இனி, இதற்கு மறுதலையான கேடு ஒன்றைக் காண்போம். கரைக்கு வேண்டிய மணல் வந்துசேராமற் போவதே அது. ஆற்றுமணலை அள்ளுதலும், அணைகளும் அதனை வழியிலேயே தடுக்கின்றன. நமது கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் வடக்கு நோக்கி நகர்வது. 1980-களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்திற்காக எழுப்பப்பட்ட அலைதடுப்புச் சுவர்கள் அதனை மறித்தன. சுவர்களின் தெற்கே மணல் குவிய, வடக்கே நகரின் கடற்கரை மறைந்தது. கரையைக் காக்கக் கற்களைக் கொட்டினர். அதற்கும் வடக்கேயுள்ள மீனவர் ஊர்களைக் கடல் அரிக்கலாயிற்று. பின்னர் மணலை இட்டும், நீருள் தடுப்பொன்றை அமைத்தும் கரையின் ஒரு பகுதியை மீட்டனர். அரிப்புண்ட கரையின் மண்ணும் நீரைக் கலக்கும் என்பது சொல்லாமலே விளங்கும்.

ஆகவே, கடலுக்குச் செல்லத்தகாத களியை விடுத்து, செல்லத்தக்க மணலைத் தடுத்தலே நாம் செய்துவரும் பிழையாகும். இதற்கு மருந்தும் நம்மிடமே உள்ளது. வரப்புயர்த்துதலும், வெறுந்தரையில் மரம் நடுதலும் மண்ணை நிலத்திலேயே நிறுத்தும். நம் முன்னோர் வெட்டிய ஏரிகள் நீரைத் தேக்குவதோடு வண்டலையும் தாங்கிக்கொள்ளும். காலந்தோறும் தூர்வாரி அவ்வண்டலை வயலுக்கு இடின், உழவர்க்கு எருவும் கடலுக்குத் தெளிவும் ஒருங்கே கிட்டும். வெள்ளாற்றிற்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடுகள் வேர்களால் நீரின் விரைவைத் தணித்துச் சேற்றைப் படியவைக்கின்றன. அவற்றைப் பேணுதலும் நம் கடன்.

கடலைத் ‘தெண்டிரை’ என்று வழங்கிற்று நம் பழந்தமிழ். அப்பெயர் பொய்யாகாமல் காக்கும் பொறுப்பு கடற்கரையார்க்கு மட்டும் உரியதன்று. கடலைக் காணாத குப்பத்தில் ஏர்பிடிப்போர்க்கும், அவர்தம் மக்களாய்க் கல்லூரியில் ஏடு பயிலும் நமக்கும் உரியதாகும். இறைவன் நம்பால் ஒப்புவித்த நிலத்தில் ஒரு பிடி மண்ணேனும் வீணே கரையாமற் காப்போமாக.