புள்ளி தொலையாமல் ஒரு மின்னூல்

பரணில் கிடக்கும் பழைய புத்தகத்தை மின்னூலாக்க ஸ்கேனர்கூட வேண்டியதில்லை. எழுத்துணரி மென்பொருள் நன்றாக வேலை செய்ய அங்குலத்துக்கு 300 பிக்சல் போதும். சாதாரணமான 12 மெகாபிக்சல் செல்பேசிக் கேமராவில் டெம்மி அளவுப் புத்தகத்தைப் பக்கத்துக்கு ஒரு படமாக எடுத்தால் 400-ஐத் தாண்டிவிடும். செல்பேசியைக் கையில் பிடிக்காமல் தாங்கியில் பொருத்துங்கள். இரண்டு பக்கமிருந்தும் விளக்கு சாய்வாக விழட்டும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், தாளும் பறக்காது, இறக்கையின் நிழலும் விழாது. முதுகு விட்டுப்போன புத்தகத்தை முழுசாக விரித்து அழுத்தாமல், ‘வி’ வடிவத்தில் சாய்த்துவைத்த இரண்டு அட்டைகளில் கிடத்தினால் தையல் பிழைக்கும்.

எடுத்த படங்களைச் சீர்செய்ய ‘ஸ்கேன் டெய்லர்’ இருக்கிறது. இலவசம், திறமூலம். கோணலை நிமிர்த்தும், இரட்டைப் பக்கத்தைப் பிரிக்கும், ஓரத்தை ஒழுங்காக்கும், பழுப்பேறிய தாளை வெள்ளையாக்கும். கூடவே, அச்சுக் கறைகளைத் துடைக்கும் வசதியும் உண்டு. தமிழ்ப் புத்தகத்துக்கு ஆபத்தே அங்கேதான். கறைக்கும் மெய்யெழுத்தின் புள்ளிக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. ஈய எழுத்தில் அச்சான நூல்களில் புள்ளி ஏற்கெனவே மங்கல். துடைப்பை உச்சத்தில் வைத்தால் ‘பக்கம்’ என்பது ‘பககம’ ஆகிவிடும். அந்த வசதியை அணைத்துவிடுவதே என் கட்சி. தாளில் நாலு கறை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். மூலப் படங்களையும் அழித்துவிடாதீர்கள்.

அடுத்தது, படத்திலுள்ளதை எழுத்தாக்கும் எழுத்துணரி மென்பொருளான டெசராக்ட். 1985-க்கும் 1994-க்கும் இடையில் எச்.பி. நிறுவனத்தில் உருவாகி, 2005-இல் திறமூலமானது. 2018-இல் வந்த நான்காம் பதிப்பு நரம்பணு வலைப்பின்னல் முறைக்கு மாறியது. தமிழுக்கான மொழிக் கோப்பைத் தனியே சேர்த்துக்கொள்ள வேண்டும். கட்டளை அடிக்கத் தயங்குபவர்களுக்கு ‘ஜி-இமேஜ்-ரீடர்’ என்ற முகப்பு உண்டு. ‘ஓ.சி.ஆர்.மை.பி.டி.எஃப்’ என்ற கருவி பக்கப் படத்தின் பின்னால் கண்ணுக்குத் தெரியாத எழுத்தடுக்கை வைத்துவிடும். படிப்பது பழைய பக்கத்தை, தேடுவது எழுத்தில்.

அண்மைக்கால அச்சென்றால் டெசராக்ட் ஓரளவு கைகொடுக்கும். 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை பிறப்பித்ததற்கு முந்தைய நூலென்றால் திணறும். துதிக்கை வைத்த ‘லை’, ‘னை’, சுழித்து எழுதிய ‘ணா’, ‘றா’ என்று 13 எழுத்துகளின் பழைய வடிவங்கள் இன்றைய எழுத்துருக்களைப் பார்த்துப் பழகிய மென்பொருளுக்குப் புதிர்தான். காலும் ‘ர’வும் மாறிப்போவது எல்லாக் காலத்து அச்சிலும் நடப்பது.

ஆகவே மெய்ப்பு பார்க்காமல் மின்னூல் இல்லை. படமெடுப்பது ஒரு மாலை வேலை. மெய்ப்புக்கு வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க, இன்னொருவர் திரையில் சரிபார்க்கும் பழைய அச்சக வழக்கம் இதற்கு இன்றும் உதவும். ஆள் கிடைக்காவிட்டால், தேடத்தக்க பி.டி.எஃப்-ஓடு நிறுத்திக்கொள்வதில் தப்பில்லை. பிழை மலிந்த எழுத்துக் கோப்பைவிடத் தெளிவான படம் மேல்.

வீட்டோடு வைத்துக்கொள்ளாமல் இணையத்தில் ஏற்றுவதென்றால் பதிப்புரிமையைப் பாருங்கள். இந்தியச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் அது நீடிக்கும், இலங்கையில் 70. தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. உரிமைச் சிக்கல் இல்லாத நூலென்றால் பக்கப் படங்களோடு தமிழ் விக்கிமூலத்துக்குக் கொடுங்கள். உங்கள் கண்ணுக்குத் தப்பிய பிழையை அங்கே இன்னொருவர் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்த முடியும்.