பழைய டிராக்டருக்குக் கிளட்ச் மாற்றலாமா?

குறுவைக்குத் தண்ணீர் வரும் நேரத்தில்தான் பல வீடுகளில் பழைய டிராக்டர் தகராறு செய்யும். சேற்றில் இறங்கிய வண்டி உறுமும், ஆனால் நகராது. மெக்கானிக் வந்து பார்த்து, “கிளட்ச் போய்விட்டது, வண்டியைப் பிரிக்க வேண்டும்” என்பார். அவர் சொல்லும் தொகையைக் கேட்டதும், செலவழிப்பதா, விற்றுவிடுவதா என்ற கேள்வி எழும். நாற்று தயாராக உள்ள அவசரத்தில் எடுக்கும் முடிவு பெரும்பாலும் நஷ்டத்தில் முடிகிறது. ஆகவே பருவம் தொடங்குமுன் கோடையிலேயே கிளட்சைச் சோதித்து விடுவது நல்லது.

கிளட்ச்தான் பழுதா?

மேட்டில் பாரம் இழுக்கும்போது இன்ஜின் வேகம் கூடியும் வண்டி வேகம் கூடாமல், கருகிய வாடை வந்தால் கிளட்ச் வழுக்குகிறது என்று பொருள். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. சமதரையில் வண்டியை நிறுத்தி, பிரேக்கைப் பூட்டி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். வண்டிக்கு முன்னும் பின்னும் ஆள் நிற்கக் கூடாது. உயர்ந்த கியரைப் போட்டு, மிதமான வேகத்தில் பெடலை மெதுவாக விட வேண்டும். கிளட்ச் நன்றாக இருந்தால் இன்ஜின் திணறி நின்றுவிடும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது. இச்சோதனையை ஒரு முறைக்கு மேல் செய்ய வேண்டாம்.

வழுக்கினாலும் உடனே வண்டியைப் பிரிக்க வேண்டியதில்லை. பெடலை அழுத்தும்போது தொடக்கத்தில் சிறிது தூரம் வெற்று ஆட்டம் இருக்க வேண்டும். பல டிராக்டர்களில் இது ஓர் அங்குலத்தை ஒட்டி இருக்கும். சரியான அளவு வண்டியின் கையேட்டில் உள்ளது. இந்த ஆட்டம் இல்லாமற் போனால் நல்ல பிளேட்டும் வழுக்கும். ஆட்டம் அதிகமானால் பெடலை முழுவதும் அழுத்தினாலும் கியர் கரகரவென்று கத்தும். இவ்விரண்டும் கம்பியைத் திருகிச் சரிசெய்யக்கூடியவை. செலவு மிகக் குறைவு.

கிளட்ச் பெட்டியின் அடியில் உள்ள வடிதுளையையும் பார்க்க வேண்டும். அதில் கறுத்த எண்ணெய் சொட்டினால் இன்ஜின் பின்புற ஆயில் சீலும், கெட்டியான கியர் ஆயில் சொட்டினால் கியர் பாக்ஸ் சீலும் கசிகின்றன என்று கொள்ளலாம். சீலை மாற்றாமல் பிளேட்டை மட்டும் மாற்றினால் புதுப் பிளேட்டும் எண்ணெயில் நனைந்து வீணாகும்.

பிரித்தால் ஒரே தடவையில்

கிளட்ச் வேலையில் சாமானைப் போலவே கூலியும் கனமானது. இன்ஜினையும் கியர் பாக்ஸையும் நடுவில் பிரித்தால்தான் கிளட்சைத் தொட முடியும். ஆகவே பிரித்த கையோடு பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், ஆயில் சீல்கள், பிளைவீலின் முகம் ஆகியவற்றையும் பார்த்து, தேய்ந்ததை மாற்றிவிட வேண்டும். சிறு பேரிங்குக்காக மறுபடி பிரித்தால் கூலி இரட்டிப்பாகும். தொடங்குமுன் சாமான் வாரியாக எழுதி வாங்குவதும், கழற்றிய பழைய சாமான்களைத் திரும்பக் கேட்பதும் நல்ல பழக்கம்.

செலவுக்கு முன் இன்ஜின், கியர் பாக்ஸ், ஹைட்ராலிக் மூன்றின் நிலையையும் அறிய வேண்டும். இன்ஜின் நீலப்புகை விட்டு ஆயில் குடித்தால், புதுக் கிளட்ச் போட்டும் அடுத்த ஆண்டு பெரிய செலவு காத்திருக்கிறது. பதிவு செய்து 15 ஆண்டு முடிந்த டிராக்டருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் செலவும் உண்டு. அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மணிக்கணக்கு

முடிவைக் காட்டுவது வண்டியின் வயதல்ல, அது ஆண்டுக்கு எத்தனை மணி உழைக்கிறது என்பதே. விளங்குவதற்காக மட்டும் ஒரு கணக்கு: கிளட்ச் வேலை 30,000 ரூபாய், அதன்பின் வண்டி 3 ஆண்டு உழைக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 10,000 ஆயிற்று. மற்றப் பழுது, இன்சூரன்சுக்கு 15,000. டீசல் மணிக்கு 400. டிரைவருடன் வாடகை டிராக்டர் மணிக்கு 1,000.

ஆண்டுக்கு 40 மணி உழுதால் சொந்த வண்டிக்கு 41,000 ரூபாய், வாடகைக்கு 40,000 ரூபாய். இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. சொந்த நிலத்துடன் அக்கம்பக்கத்திலும் உழுது 100 மணி ஓடினால், சொந்த வண்டிச் செலவு 65,000. அதே வேலைக்கு வாடகை ஒரு லட்சம். அப்போது கிளட்ச் மாற்றுவதே லாபம். 15 மணிதான் வேலை என்றால் வண்டியை விற்று, வாடகைக்கு உழுவது மேல். வேளாண்மைப் பொறியியல் துறையும் டிராக்டரை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறது. அவரவர் ஊர் நிலவரப்படி தொகைகளை மாற்றிப் போட்டுப் பார்க்கலாம்.

விற்பதற்காகவே கிளட்ச் மாற்றுவது பெரும்பாலும் கட்டாது. போட்ட பணம் முழுவதும் விலையில் ஏறாது. “போன வருஷம்தான் 60,000 செலவு செய்தோம்” என்பதும் காரணமாகாது. அந்தப் பணம் போனது போனதுதான். அதனால் இன்ஜின் இன்று நன்றாக இருக்கிறதா என்பதே கேள்வி.

மாற்றிய பின்

ஓட்டும்போது பெடல்மேல் கால் வைத்திருப்பதும், பாதிக் கிளட்சில் ஓட்டுவதும் பிளேட்டைத் தின்னும். சேற்றுழவின்போது கிளட்ச் பெட்டியின் வடிதுளையை அடைத்து வைத்து, வேலை முடிந்ததும் திறந்துவிட வேண்டும். பாரத்துக்கு ஏற்ற சிறிய கியரில் ஓட்டினால் கிளட்ச் நீடிக்கும்.

ஆகவே விவசாயிகள் முதலில் பெடல் ஆட்டத்தையும், அடுத்து இன்ஜினையும், பிறகு ஆண்டு முழுவதற்கான மணிக்கணக்கையும் பார்த்துவிட்டு, அதன்பின் மெக்கானிக்கிடம் பணம் கொடுத்தால் பின்னால் வருந்த வேண்டியிராது.