உபகாரச் சம்பளப் பேட்டிக்குப் போகிறீர்களா?

பரீட்சையில் நல்ல மார்க். கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டது. ஆனால் பணம்? அதற்குத்தான் உபகாரச் சம்பளம். "பேட்டிக்கு வரவும்" என்று தகவல் வந்ததும் வீட்டில் ஒரே சந்தோஷம். கூடவே பயம். என்ன கேட்பார்களோ?

பயம் வேண்டாம். மார்க்கைப் பார்த்துத்தான் அழைத்திருக்கிறார்கள். இனி ஆளைப் பார்க்க விரும்புகிறார்கள். அவ்வளவுதான்.

கிராமத்துப் பிள்ளை

கேரளத்தில் உழவூர் என்ற கிராமத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் கே. ஆர். நாராயணன். தினமும் பல மைல் நடந்து பள்ளிக்கூடம் போனார். பிறகு டாட்டா உபகாரச் சம்பளம் பெற்று, 1945-ல் லண்டனுக்குப் படிக்கப் போனார். 1997-ல் இந்தியாவின் ஜனாதிபதி ஆனார்!

அந்த நிதியை ஜாம்ஷெட்ஜி டாட்டா 1892-ல் தொடங்கினார். வெளிநாட்டில் மேல்படிப்புப் படிக்க இன்றும் அது உதவுகிறது. ஆனால் அது இனாம் அல்ல. திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன். ஆகவே எந்த உதவியானாலும், "இனாமா, கடனா?" என்று பெற்றோர் முதலிலேயே விசாரித்துக் கொள்ள வேண்டும்.

என்ன கேட்பார்கள்?

பெரும்பாலும் உங்கள் விண்ணப்பத்திலிருந்தே கேட்பார்கள். அதன் நகலை நன்றாகப் படியுங்கள். "புத்தகம் படிப்பதில் ஆசை" என்று எழுதியிருந்தால், "கடைசியாக என்ன படித்தாய்?" என்று கேட்கலாம். சும்மா எழுதியவர் திருதிருவென்று விழிக்க வேண்டியதுதான்!

"இந்தப் படிப்பு ஏன்?", "மீதிச் செலவுக்கு என்ன வழி?" இவையும் வரும். எனவே வீட்டு வரவு செலவைப் பெற்றோர் பிள்ளைக்குச் சொல்லி வைக்க வேண்டும். வறுமையை மறைக்க வேண்டாம். அழுது புலம்பவும் வேண்டாம். "அப்பா கூலி வேலை செய்கிறார். மாதம் இவ்வளவு வருகிறது. கட்டணத்துக்கு இவ்வளவு குறைகிறது." இப்படிச் சொன்னால் போதும். இதில் வெட்கம் என்ன?

வீட்டில் ஒத்திகை

அப்பா, அம்மா, அக்காள் மூவரும் வரிசையாக உட்கார்ந்து கேள்வி கேட்கட்டும். பதிலை மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு சொல் மறந்தால் எல்லாம் மறந்துவிடும். சொந்த வார்த்தையில் சொல்லிப் பழகுங்கள். தெரியாததற்கு, "தெரியாது ஐயா" என்று சொல்லுங்கள். மழுப்பினால் அடுத்த கேள்வியில் அகப்பட்டுக் கொள்வீர்கள்.

அசல் சான்றிதழ்களை முதல்நாள் இரவே பையில் வையுங்கள். துவைத்துத் தேய்த்த உடுப்பு போதும். புதிது வாங்கக் கடன் படாதீர்கள். அரை மணி முன்னதாகவே போய்விடுங்கள்.

ஒரு பேட்டியில் கிடைக்காவிட்டாலும் மனம் தளர வேண்டாம். உபகாரச் சம்பளங்கள் பல உண்டு. மறுநாளே அடுத்த விண்ணப்பத்தை எழுதுங்கள்.