கூட்டெரு கொதித்த பிறகும்

யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் எருவுக்குத் தட்டுப்பாடு வந்து கனகாலம். வேலணை, சரவணைப் புகையிலைத் தோட்டங்களில் முன்பு ஆட்டுப்பட்டி அடைப்பார்கள், பூவரசங்குழை தாழ்ப்பார்கள், கரையில் ஒதுங்கும் சாதாளையை வண்டியில் அள்ளி வருவார்கள். இப்போது பண்ணைப் பாலத்தால் லொறியில் வருவது கோழியெரு. உமியும் எச்சமும் கலந்த அந்த மூட்டையை மூக்கைப் பொத்திக்கொண்டுதான் அவிழ்க்கவேண்டும்.

விவசாயப் போதனாசிரியராக இருந்த காலத்தில் நான் தோட்டக்காரருக்குச் சொல்லிக்கொடுத்த சோதனை இலகுவானது. எருக்கும்பியின் நடுவில் அலவாங்கை இறக்கி, கொஞ்ச நேரம் பொறுத்து இழுத்து, நுனியைத் தொட்டுப் பார்க்கவேண்டும். கை பொறுக்காவிட்டால் கும்பி நன்றாகக் கொதிக்கிறது. 55 பாகை செல்சியசுக்கு மேல் பல நாள் நின்றால் சல்மனெல்லா, புழு முட்டை, களை விதை எல்லாம் பெரும்பாலும் செத்துவிடும். ஓரத்தில் கிடப்பதும் நடுச்சூட்டுக்கு வரவேண்டும் என்பதற்காகத்தான் புரட்டச் சொல்வது.

“சேர், எரு நல்லாக் கொதிச்சுத்தானே வந்தது, பிறகென்ன பயம்?” என்று பக்கத்து வளவுத் தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. கிருமி செத்தாலும் அதன் மரபணு அதோடு சாவதில்லை என்பதுதான் பதில்.

கோழிக்கு நோய் வந்தால் கொடுக்கும் என்ரோபுளொக்சசினை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு பங்கு கோழியின் உடம்புக்குள்ளேயே சிப்ரோபுளொக்சசினாக மாறுகிறது. சலக்கடுப்புக்கு எங்களுக்கு எழுதித்தரும் அதே மருந்து. மிச்சம் எச்சத்தோடு வெளியே வருகிறது. டெற்றாசைக்கிளின் என்ற இன்னொரு மருந்து கும்பிச் சூட்டில் பெருமளவு சிதைந்துவிடும். ஆனால் என்ரோபுளொக்சசின் வகை மருந்து எருவிலும் மண்ணிலும் ஒட்டிப்பிடித்து நெடுநாள் கிடக்கும். அந்த மருந்துக்கு மசியாத பக்டீரியா கோழியின் குடலிலேயே பெருகி, எச்சத்தோடு எருவுக்கு வந்து சேர்கிறது.

மசியாத தன்மையைத் தருவது அதன் மரபணு. பக்டீரியாக்களிடையே அது தாய்–பிள்ளை வழியாக மட்டும் போவதில்லை. பிளாஸ்மிட் என்ற சிறு வளையத்தில் ஏறி, பரீட்சை மண்டபத்தில் விடைத்துண்டு கைமாறுவதுபோல, உறவே இல்லாத இன்னொரு பக்டீரியாவிடமும் போய்ச் சேரும். செத்த கிருமியிலிருந்து சிந்திய மரபணுத் துண்டு களிமண்ணிலும் உக்கலிலும் ஒட்டிக்கொண்டு பிழைத்துக் கிடக்கும். கும்பி ஆறி முதிரும்போது மிதச்சூட்டுப் பக்டீரியாக்கள் திரும்பப் பெருகுகின்றன. அவற்றில் சில அந்தத் துண்டைப் பொறுக்கிக்கொள்கின்றன. சல்பா மருந்தை எதிர்க்கும் ‘சல்1’ மரபணு கும்பி கொதிக்கும் கட்டத்தில் குறைந்து, முதிரும் கட்டத்தில் மறுபடி கூடியதைப் பல நாட்டு ஆய்வுகள் கண்டிருக்கின்றன.

இன்னொரு வில்லங்கம் உலோகம். தீனியில் சேர்க்கும் செம்பும் நாகமும் சூட்டில் எரிந்துபோவதில்லை. கும்பி உக்கிப் பாதியாகச் சுருங்கும்போது அவற்றின் செறிவு ஏறுகிறது. உலோகத்தைத் தாங்கும் மரபணுவும் மருந்தை எதிர்க்கும் மரபணுவும் பல வேளை ஒரே பிளாஸ்மிட்டில் கூடவே பயணிக்கின்றன. மருந்தை நிறுத்தினாலும் நாகம் அந்தப் பக்டீரியாவைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும்.

2021 இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தபோது சீனாவிலிருந்து ‘ஹிப்போ ஸ்பிரிட்’ என்ற கப்பல் சேதனப் பசளையோடு வந்தது ஞாபகம் இருக்கும். மாதிரியில் எர்வினியா பக்டீரியா இருந்தது என்று இங்கே மறுத்தார்கள், அந்தக் கம்பனி அதை ஏற்கவில்லை; கடைசியில் கிட்டத்தட்ட 70 இலட்சம் டொலரைக் கட்டினோம். அவ்வளவு சண்டையும் உயிருள்ள கிருமி இருக்கிறதா இல்லையா என்பதைப் பற்றியே, செத்த கிருமி விட்டுப்போகும் மரபணுவைப் பற்றி அல்ல.

எதிர்ப்பு மரபணு மருந்துக்கு முந்தியது என்பதும் உண்மை. கனடாவில் 30,000 ஆண்டு உறைந்து கிடந்த மண்ணில் அது இருந்ததை 2011 இல் காட்டினார்கள். எங்களுக்குத் தலையிடி அதன் பெருக்கமும், மனிதக் கிருமியிடம் அது வந்து சேரும் வழியும். தீவுகளில் அந்த வழி கிட்ட. சுண்ணக்கல்லின் மேல் மண் மெல்லிய போர்வை. அதற்குக் கீழே உவர்நீரின் மேல் மிதக்கிற நன்னீர்தான் கிணற்றில் ஊறுவது. ஐப்பசி, கார்த்திகை மழை தோட்டத்து எருவைக் கரைத்துக்கொண்டு அங்கேதான் இறங்குகிறது.

இதற்காக யூரியாவுக்கு ஓடத் தேவையில்லை. சேதனப் பசளை இல்லாமல் எங்கள் மண் தண்ணீரைப் பிடித்து வைக்காது. உண்மையில் கைவைக்கவேண்டிய இடம் கோழிக்கூடுதான்: வளர்ச்சியைக் கூட்டுவதற்காகத் தீனியில் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து போடுவதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 இலேயே நிறுத்திவிட்டது. நெடுந்தீவில் புல் மேய்ந்து திரியும் மாட்டின் எரு கோழியெருவைவிட எவ்வளவோ மேல். அதைப் படகில் குறிகாட்டுவானுக்கு இறக்கும் கூலிதான் கையைக் கடிக்கும்.

தம்பிக்கு நான் சொன்னது இதுதான். எரு வாங்கும்போது, அந்தக் கோழிக்குக் கடைசியாக என்ன மருந்து கொடுத்தார்கள் என்று கூட்டுக்காரரிடம் கேள். கும்பியைக் கிணற்றடியில் போடாதே. மழை நனையாமல் மூடி, ஆறிய பிறகும் மாதக்கணக்கில் விடு. கோழிக் கூட்டெருவைத் தென்னைக்கும் வாழைக்கும் போடு. பச்சையாய்ச் சம்பல் அரைக்கிற வல்லாரைப் பாத்திக்கு உன் வீட்டு மாட்டெருவே போதும்.