செல்லுக்குத் தப்பின காது மெசினுக்குத் தப்புமா?

காதைப் பேணுவது பற்றி யார் பேசினாலும் குறும்பியில்தான் தொடங்குவார்கள். ஈர்க்கு விடாதே, கொண்டை ஊசி விடாதே, பஞ்சுக் குச்சி குறும்பியை இன்னும் உள்ளே தள்ளும், அது தானாகவே வெளியே வரும். எல்லாம் சரியான புத்திமதிதான். ஆனால் உருத்திரபுரம் போன்ற வயல் ஊரில் காதைத் தின்பது குறும்பியல்ல, எஞ்சின்.

காலபோகம் தொடங்கிவிட்டால் விடிய முன்னமே லான்ட்மாஸ்டர் சத்தம் கேட்கும். உழவு முடிய மருந்தடிப்பு, அது முடிய வெட்டு மெசின். முதுகில் கட்டும் மருந்து மெசினைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மேலே மருந்துத் தாங்கி, கீழே பெற்றோல் எஞ்சின். தோள்பட்டியை இறுக்கிவிட்டால் எஞ்சினுக்கும் காதுக்கும் இடையில் ஒரு முழத்துக்குச் சற்றே கூட. மூக்குக்குத் துணி கட்டுகிறார்கள், கைக்கு உறை போடுகிறவர்களும் உண்டு. காது மட்டும் திறந்தபடி.

லான்ட்மாஸ்டரின் கதை இன்னும் மோசம். சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்தாலும் மாற்றுவதில்லை. "மெசின் ஓடுதுதானே!" சத்தம் கூடினால் இழுவையும் கூடும் என்று நம்பிக் கழற்றிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

கணக்கு இதுதான். 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளுக்கு 8 மணி நேரம் வேலை செய்யலாம். அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 94 டெசிபல் என்றால் ஒரு மணி நேரம், 100 என்றால் வெறும் 15 நிமிடம். அளக்கக் கருவி தேவையில்லை. கை நீட்டினால் தொடக்கூடிய தூரத்தில் நிற்பவரோடு கத்தித்தான் பேச வேண்டியிருந்தால், எல்லை தாண்டியாயிற்று.

உட்காதில் இருக்கும் மயிர்க்கலங்கள் ஏறக்குறைய 15,000. செத்தவை திரும்ப முளைப்பதில்லை. கீச்சுக் குரல்கள்தான் முதலில் போகும்: குருவிச் சத்தம், பேரப்பிள்ளையின் பேச்சு. "கேக்குது, ஆனா விளங்கேல்லை" என்று வீட்டில் ஒருவர் சொல்லத் தொடங்கினால் அது வயதின் குற்றம் மட்டுமல்ல.

இந்த மண்ணுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 2009 வரை நடந்த போரில் செல்லடியும் கிபிர் விமானங்களும் இங்குள்ள காதுகளை ஒருமுறை அடித்துவிட்டன. வெடி அதிர்வில் செவிப்பறை கிழியும். சிறிய கிழிசல் பெரும்பாலும் தானாக மூடும், சில மூடாது. உட்காதுக்கு விழுந்த அடியோ ஆறாது. அன்று பங்கருக்குள் காதைப் பொத்திக்கொண்டிருந்த பிள்ளைகள்தான் இன்று லான்ட்மாஸ்டர் பிடிக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் காதைச் சோதித்திருப்பார்கள்? அதனால்தான், காதுக்குத்து என்றதும் எண்ணெய் காய்ச்சி ஊற்றும் பழக்கம் இங்கு இரட்டிப்பு ஆபத்து. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் நேரே நடுக்காதுக்குள் போகும். ஓட்டை உள்ளவர்கள் வாய்க்காலில் முழுகிக் குளிப்பதும் கூடாது.

திருவிழா ஒலிபெருக்கியை விட்டுவிட்டு மெசினைப் பிடிக்கிறீர்களே என்று சிலர் கேட்கலாம். ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை உயர் நீதிமன்றம் 2007 இலேயே கடிவாளம் போட்டுவிட்டது. வயலில் யார் போய் அளப்பது?

செய்யக்கூடியது அதிகம். காதை மூடும் மஃப் வாங்கலாம். நுரை அடைப்பான் என்றால் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, அதை மெல்லிதாக உருட்டி, காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துச் செருகி, விரியும்வரை பிடிக்க வேண்டும். வெறும் பஞ்சும் தலையில் சுற்றும் துவாயும் போதாது. காதை அடைத்தால் மெசின் பழுதாவது தெரியாதே என்பார்கள். சத்தம் குறையுமே தவிர அறவே நிற்காது. இருவர் மாறி மாறி ஓட்டினால் ஆளுக்குப் பாதிச் சத்தம். சின்னப்பிள்ளைகளை எஞ்சினுக்குப் பக்கத்தில் ஏற்ற வேண்டாம். ஒரு காது திடீரென அடைத்துக் கேட்காமல் போனால் குறும்பி என்று இருந்துவிடாமல் அன்றே வைத்தியரிடம் போங்கள். நாள் தள்ளத் தள்ளக் கேள்வி திரும்பும் வாய்ப்புக் குறையும்.

கமக்காரர் அமைப்புக் கூட்டங்களில் உரம், தண்ணீர், நெல் விலை எல்லாம் பேசுகிறோம். விதைப்புக்கு முந்திய கூட்டத்தில் இன்னொரு தீர்மானமும் எடுக்கலாம்: சைலன்சர் சரியில்லாத மெசின் இந்தப் போகத்தில் வயலுக்குள் இறங்கக்கூடாது.