ரிப்போர்ட் நார்மல், ஆனா ஞாபகம் மட்டும் தடுமாறுதா?

போன வாரம் ஒரு தோழி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. அவங்க அப்பா தையல்காரர். நாலு மாசம் முன்னாடி மைல்ட் ஸ்ட்ரோக். கை, கால், பேச்சு எல்லாம் ஒரே வாரத்துல சரியாயிடுச்சு. ஆனா இப்போ துணி வெட்டும்போது யாராவது பேச்சுக் கொடுத்தா அளவு மாறிப்போகுது. டெலிவரி தேதி மறந்துடுது. "அப்பாவுக்கு நிஜமாவே முடியலையா, இல்ல சாக்கு சொல்றாரா?" இதுதான் அவங்க கேள்வி.

சாக்கு இல்லை. ஏன்னு பார்ப்போம்.

பக்கவாதத்தோட தீவிரத்தை அளக்க மருத்துவர்கள் என்ஐஹெச்எஸ்எஸ் என்ற அளவுகோலைப் பயன்படுத்துறாங்க. 0 முதல் 42 வரை மதிப்பெண். அது முக்கியமாகப் பார்ப்பது முகம், கை, கால், பேச்சு, பார்வை. ஞாபக சக்திக்குன்னு அதில் தனிச் சோதனையே கிடையாது. அதனால மதிப்பெண் பூஜ்யமா இருந்தாலும், மூளை யோசிக்கிற வேகம் குறைஞ்சிருக்கலாம்.

இன்னொண்ணு. நாம மறதின்னு நினைக்கிறது பல நேரம் கவனச் சிதறல்தான். தகவல் உள்ளே பதியவே இல்லைன்னா, பிறகு எங்கிருந்து எடுக்கிறது? பேச்சும் கத்தரியும் ஒரே நேரத்துல வந்ததுதான் அந்த அப்பாவுக்குச் சிக்கல்.

இதைக் கண்டுபிடிக்க மோக்கா என்ற சோதனை இருக்கு. 2005-ல் வெளியானது, தமிழிலும் உண்டு. ஐந்து சொற்களைச் சொல்லி, சில நிமிஷம் கழிச்சுக் கேட்பாங்க. கடிகாரம் வரையச் சொல்வாங்க. மொத்தம் 30, பொதுவா 26-க்குக் கீழே போனா மேற்கொண்டு பரிசோதிக்கணும். இது முதல்கட்ட வடிகட்டல்தான், தீர்ப்பு இல்லை.

சரி, பயிற்சி எப்படி?

முதல்ல, சூழலை மாத்துங்க. வெட்டுற நேரத்துல ரேடியோவும் வேண்டாம், வாடிக்கையாளரும் வேண்டாம். ஒரு நேரத்துல ஒரே வேலை.

ரெண்டாவது, ஞாபகத்தை வெளியே வைங்க. டெலிவரி தேதிக்குச் சுவர்ல ஒரு போர்டு, மாத்திரைக்கு போன் அலாரம். இது சோம்பேறித்தனம் இல்லை. மறுவாழ்வுச் சிகிச்சையில் நல்ல பலன் தர்ற வழிகள்ல ஒண்ணு.

மூணாவது, இடைவெளி விட்டுக் கேட்கிற முறை. ஒரு விஷயத்தைச் சொல்லி உடனே கேளுங்க. பிறகு ஒரு நிமிஷம், ரெண்டு, நாலு, எட்டுன்னு இடைவெளியைக் கூட்டுங்க. தப்பா சொன்னா சரியான பதிலை நீங்களே சொல்லிட்டு, முந்தைய இடைவெளிக்குத் திரும்புங்க. "நல்லா யோசிங்க"ன்னு குடைய வேண்டாம். மறதி அதிகமா இருக்கறவங்களுக்கு, ஊகிச்சுச் சொன்ன தப்புதான் மனசுல ஒட்டிக்கும்.

மூளை விளையாட்டு ஆப்? அந்த விளையாட்டுல கைதேர்ந்தவராகலாம். அது கடை வேலைக்கும் உதவும்னு நம்பிக்கை வைக்க முடியாது.

ஸ்ட்ரோக்குக்குப் பிறகு கடும் களைப்பும் மனச்சோர்வும் சகஜம். ரெண்டுமே மறதியைக் கூட்டும், ரெண்டுக்கும் உதவி உண்டு, மருத்துவர்கிட்ட சொல்லுங்க. பிரஷர், சுகர் மாத்திரையை நிறுத்தவே கூடாது. இன்னொரு ஸ்ட்ரோக் வந்தா இழப்பு கூடும். திடீர்னு குழப்பமோ, வாய் கோணலோ தெரிஞ்சா உடனே 108.

தோழிக்கு ஒரே ஒரு விஷயம். இன்னிக்குக் கடைக்குப் போய், "அப்பா, இது உங்க தப்பு இல்லை"ன்னு சொல்லுங்க. அப்புறம் அந்த போர்டை ரெண்டு பேருமா சேர்ந்து மாட்டுங்க.